கோலியனூர் கூட்ரோடில் இறங்கியவன்

1

பேத்தியைப் பேருந்தில் விட்டுவிட்டு நான் மட்டும் இறங்கிவிட்டேன். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது பாரிஸுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். என் மகள் செல்வி அதே ஊரில் கணவனோடு தனி வீட்டில் இருக்கிறாள். மருமகன் பிரெஞ்சுக்காரர். நல்லவர், என்னைப் பார்த்தால் கை குலுக்குவார். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் பள்ளி விட்டதும் பேத்தி லியாவை அழைத்து வந்து, செல்வி வரும்வரை வைத்திருப்பது என் பொறுப்பு. லியா இப்போதுதான் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறாள். ஷூவுக்கு நாடா கட்டத் தெரியாத வயது.

அன்றைக்கு அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அப்போது தம்பி ஏழுமலை ஃபோன் செய்தான். கோலியனூரில் எங்கள் நிலத்தைப் பயிர் வைக்கிறவன் அவன். தினமும் பேசுவான். அன்று விழுப்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். அங்கே இரவு ஆகியிருந்தது. பஸ்ஸில் பாட்டு ஓடியது, இஞ்சின் உறுமியது. நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். திடீரென்று விசில் சத்தம். பின்னாலேயே கண்டக்டர் குரல்.

"கூட்ரோடு! கோலியனூர் கூட்ரோடு எறங்கறவங்கல்லாம் ஜல்தி வா! படியில நின்னுக்கினு பேசாத, எறங்கு எறங்கு!"

சாலைகள் கூடுகிற அந்த இடம்தான் ஊரில் நான் எப்போதும் இறங்கும் நிறுத்தம். நான் எழுந்தேன். எங்கள் பேருந்தும் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்று கதவு திறந்திருந்தது. இறங்கிவிட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண்டக்டர் திட்டுவாரே என்ற பயத்தில் கொஞ்சம் வேகமாகவே இறங்கினேன். குளிர் முகத்தில் அடித்த பிறகுதான் கண் திறந்தது போல இருந்தது. பேருந்து கிளம்பிவிட்டது. ஜன்னலில் லியாவின் சிவப்புக் குல்லாய் தெரிந்தது.

ஃபோனை அணைத்துவிட்டு ஓடினேன். அடுத்த நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மாள் லியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். லியா அழவில்லை. அந்த அம்மாள் கேட்டதற்கு, "தாத்தா ஃபோனில் இருக்கிறார்" என்று சொன்னாளாம். பையில் எழுதியிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டு அவர் செல்விக்குச் சொல்லிவிட்டிருந்தார். நான் மூச்சிரைக்கப் போய்க் கையை நீட்டினேன். "தாத்தா" என்று லியாவும் சொன்னாள். ஆனால் அந்த அம்மாள் குழந்தையை என்னிடம் கொடுக்கவில்லை. மரியாதையாகத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். செல்வி வேலையிலிருந்து வந்து சேரும்வரை மூவரும் அங்கேயே நின்றோம். வந்ததும் என்னைத் தாண்டிக் குழந்தையை அவள் கையில் கொடுத்தார்.

அந்த அம்மாள் செய்தது சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

2

செல்வி திட்டவில்லை. திட்டியிருந்தால் ராணியாவது எனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பாள். ராணி என் மனைவி.

அன்றிரவு எங்கள் வீட்டிலேயே லியாவைத் தூங்கவைத்துவிட்டு வந்து செல்வி உட்கார்ந்தாள். "அப்பா, உன் ஒடம்பு மட்டும்தான் இங்க இருக்குது. நீ இல்ல. நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே நீ இல்ல. எனக்கு அது பழகிடுச்சி. அவளுக்குப் பழகக் கூடாது."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படி இன்னாதான்டி ஓடுது உங்கப்பா மண்டையில?" என்று ராணி கேட்டாள். "தொறந்து பாத்தா விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுதான் இருக்கும்."

அவள் சொன்னது பொய்யில்லை. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவன். எங்கள் பக்கத்தில் புதுச்சேரிக் குடும்பங்களோடு சம்பந்தம் வைத்துப் பிரான்ஸுக்குப் போவது தெரிந்த விஷயம். ராணியின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், அங்கே சொல்வதுபோல் சொல்தா. அதனால் அவள் குடும்பத்துக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தது. கல்யாணம் ஆனதும் நானும் வந்துவிட்டேன். வந்த நாள் முதல் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. விரிப்புகளை இயந்திரத்தில் போட வேண்டும், எடுக்க வேண்டும், மடிக்க வேண்டும். கை தானாகச் செய்யும். மனசுக்கு அங்கே வேலையில்லை. அது ஊரில் ஏரி மதகைத் திறந்தார்களா, ஏழுமலைக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்க ஆள் கிடைத்ததா, கரண்டு எத்தனை மணிக்கு வந்தது, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை இந்த வருஷமும் வெட்டினானா என்று பார்த்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்து வெளியே வந்தால் அன்று மழை பெய்ததா வெயில் அடித்ததா என்று சொல்லத் தெரியாது. கோலியனூரில் பெய்தது தெரியும்.

மனைவி சிரித்துக்கொண்டிருந்த வருஷங்களும், மகள் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன வருஷங்களும் இப்படியே போய்விட்டன. படங்களில் பார்க்கும்போதுதான், இவள் இவ்வளவு சின்னவளாக இருந்தாளா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

செல்வி இரண்டு முடிவுகளைச் சொன்னாள். லியாவை அழைத்து வர ஒரு காலேஜ் பெண்ணை வைக்கப் போகிறாள். நான் ஒரு வகுப்புக்குப் போக வேண்டும்.

"இன்னா வகுப்பு?"

"மனச ஒரு எடத்துல நிறுத்தற வகுப்பு. இங்கிலீஷ்ல மைண்ட்ஃபுல்னஸ்ன்னு சொல்லுவாங்க. எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு போறாங்க."

"தியானமா? அதுக்கு நம்ம ஊர்லேர்ந்து ஒரு சாமியாரக் கூட்டியாந்தா போதாதா?" என்றாள் ராணி.

"சாமியாரும் இல்ல, சாமியும் இல்லம்மா. கவனிக்கறது. அவ்ளோதான்." பிறகு என்னைப் பார்த்து, "அத முடிச்சிட்டு வாப்பா. லியாவ உன்கிட்ட விடறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

பெற்ற மகள் எனக்குப் பரீட்சை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. தேற முடியுமா என்ற பயம்தான் வந்தது.

3

வகுப்பில் சேர வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். வரி கட்டிய காகிதம் கேட்டார்கள். அதற்கும் மேலே, இந்த ஆள் உடம்பளவில் தகுதியானவர் என்று டாக்டரிடம் சான்றிதழ் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காருவதற்கு உடம்பு தகுதியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். இந்த நாட்டில் காகிதம் இல்லாமல் மூச்சுவிடவும் முடியாது என்று ராணி சொல்வது அன்றைக்கு அப்படியே நடந்தது.

வகுப்பு நகராட்சி நூலகத்தின் மாடியில். முதல் நாள் மொழிபெயர்க்க செல்வியும் வந்தாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். சொல்லித் தருகிறவர் நரைத்த முடி வைத்த ஒரு மதாம். மெதுவாகப் பேசினார். செல்வி சொன்ன அந்த மைண்ட்ஃபுல்னஸை இவர்கள் பிரெஞ்சில் 'முழு உணர்வு' என்று சொல்கிறார்கள்.

முதல் பாடம் ஒரு கிண்ணத்தில் வந்தது. மதாம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு உலர்ந்த திராட்சையை வைத்துக்கொண்டு வந்தார். அறை அமைதியாக இருந்தது. என் முன்னால் அவர் குனிந்தபோது நான் வலது உள்ளங்கையை நீட்டி, அதன் கீழே இடது கையை வைத்துக்கொண்டேன். திராட்சை விழுந்தது. கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டு, கையைத் தலையில் தடவிக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டுமாம். விரலால் உருட்ட வேண்டுமாம். முகர வேண்டுமாம். காதருகே வைத்துக் கேட்கக்கூட வேண்டுமாம். கடைசியில்தான் வாயில் போட வேண்டும்.

"அப்பா!" என்று செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"குங்குமந்தான் குடுக்கல, மத்தபடி பிரசாதம் மாதிரியே குடுத்தாங்க" என்றேன்.

மதாம் சிரித்துக்கொண்டே வேறொன்று கொண்டு வந்தார். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், இரண்டாவதையும் கண்ணில் ஒற்றிவிட்டேன். வாய்க்குப் போவதற்குள் செல்வி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எதிரில் இருந்த ஒரு ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

பிறகு அந்தத் திராட்சையைப் பார்த்தேன். சுருக்கம் இருந்தது. ஒரு பக்கம் காம்பு ஒடிந்த வடு இருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். அதற்குள் மனசு சர்க்கரைப் பொங்கலுக்குப் போய், நெய்க்குப் போய், எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்குப் போய், அங்கே வேலை பார்த்த என் கூட்டாளி எப்படி இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

முடிவில் ஒவ்வொருவரும் கண்டதைச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. "இனிப்பா இருந்துச்சி" என்றேன். செல்வி அதை மொழிபெயர்க்க ஆரம்பித்தாள், நிறுத்தவேயில்லை. பேசிக்கொண்டே போனாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மதாம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெளியே வந்து, "இனிப்பா இருந்துச்சின்றதுக்கு பிரெஞ்சுல இம்மா நேரம் ஆவுமா? இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"பஸ் விஷயத்தச் சொன்னேன்."

"எல்லார் எதிர்லயுமா?"

"அவங்கவங்களும் அவங்க கதையச் சொன்னாங்களேப்பா. மறைச்சி வெச்சிக்கினா எப்படிக் கத்துப்ப?"

கூச்ச சுபாவம் உள்ளவன் நான். கடையில் பாக்கிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் வர மாட்டாள், நான் மட்டும் போய் அந்த வட்டத்தில் உட்கார வேண்டும். என்னைக் குழந்தையைப் பேருந்தில் விட்டவன் என்று தெரிந்தவர்கள் நடுவில்.

போனேன். ஒவ்வொரு வாரமும் கூட்டத்தில் கடைசி ஆளாக மாடிப்படி ஏறி, முதல் ஆளாக இறங்கினேன்.

4

வீட்டிலும் பழக வேண்டும் என்று மதாம் சொல்லியிருந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார். மூச்சு உள்ளே போவதைக் கவனி. வெளியே வருவதைக் கவனி. மனசு ஓடினால் அதைத் திட்டாதே, ஓடிற்று என்று தெரிந்துகொண்டு திரும்பி வா. இவ்வளவுதான்.

வேலை முடிந்து வந்து, ராணி கிளம்புவதற்கு முன்னால் உட்காருவேன். அவளுக்குப் பிற்பகலில் ஒரு அலுவலகம் துடைக்கும் வேலை.

"இன்னாங்க, வந்துட்டீங்களா ஊர்லேர்ந்து?" என்று கோட்டை மாட்டிக்கொண்டே கேட்பாள்.

"பேசாத. மூச்ச கவனிக்கறேன்."

"கவனிங்க கவனிங்க. அடுப்புல ரசம் பொங்குது, அதையும் சேர்த்து கவனிங்க."

மூச்சைப் பிடித்தால் ஊர்க் கிணற்று மோட்டார் வந்துவிடும். மோட்டாரை விட்டுத் திரும்பினால் வரப்பு. வரப்பை விட்டுத் திரும்பினால் ஏழுமலை மகளின் நிச்சயதார்த்தம். கிளியனூரில் மாப்பிள்ளை வீடு, நான் போக வேண்டும், லீவு கேட்க வேண்டும். இதற்கு நடுவில் அந்தச் சிவப்புக் குல்லாய். அதற்குப் பிறகு மூச்சாவது ஒன்றாவது. நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று உள்ளே ஒருவன் ஆரம்பித்துவிடுவான். அவன் முடிக்கும்போது ராணி போயே இருப்பாள். அவள் சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்திருக்காது.

லியா ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வியோடு வருவாள். என் மடியில் உட்காருவாள், போய்விடுவாள். ஒருநாள் அந்தக் காலேஜ் பெண்ணின் பெயரை நாலைந்து முறை சொன்னாள். அவளோடு பள்ளியிலிருந்து வருவது பிடித்திருக்கிறது போல. நான் சந்தோஷப்பட வேண்டும். பட முடியவில்லை.

5

நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். ராணிக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போனேன்.

இத்தனை வருஷமாக நான் ஒன்று நம்பிக்கொண்டிருந்தேன். என் மனசு ஓடுவது வெளிநாட்டில் இருப்பதால்தான், ஊரில் கால் வைத்தால் அது தானாக நின்றுவிடும் என்று. விழுப்புரத்தில் ரயிலைவிட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கோலியனூர் வீட்டுக்குப் போய், கேப்பைக் கூழ் குடித்தேன். மனசு ஒரு பகல் நின்றது. மறுநாள் காலையில் அது பிரான்ஸுக்குக் கிளம்பிவிட்டது. நேற்று லியாவுக்குப் பள்ளி விட்டதும் அந்தக் காலேஜ் பெண் நேரத்துக்கு வந்தாளா, கையைப் பிடித்துக்கொண்டாளா, ஜன்னலோரம் உட்காரவைத்தாளா. கிணற்று மேட்டில் நின்று, எதிரில் இருக்கும் மல்லாட்டைச் செடியைப் பார்க்காமல், ஃபோனில் லியாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே இருக்கும்போது அங்கே, அங்கே இருக்கும்போது இங்கே. ஊர்மேல் பழிபோட்டு இத்தனை நாள் தப்பித்திருக்கிறேன்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் நானும் ஏழுமலையும் கிளியனூருக்குக் கிளம்பினோம், மாப்பிள்ளை வீட்டில் சில ஏற்பாடுகளைப் பேசிவர. திண்டிவனத்தில் இறங்கி, பழமும் பூவும் வாங்கிக்கொண்டு, புதுச்சேரி போகும் பஸ்ஸுக்காக பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம். கூட்டம். பக்கத்தில் ஒருவர் மல்லாட்டை வறுத்துக்கொண்டிருந்தார். ஏழுமலை ஏதோ பேசிக்கொண்டிருந்தான். செல்வியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. லியா பனியில் சறுக்கி விழுந்து எழுந்து சிரிக்கிறாள். இரண்டாம் முறை போட்டுப் பார்த்தேன்.

"... அப்படின்னு டாக்டரு சொல்லிட்டாருண்ணா."

"நல்லதுடா. செய்யி" என்றேன்.

ஏழுமலை என் பக்கம் திரும்பி, "இன்னாண்ணா நல்லது?" என்றான்.

"அதான், நீ சொன்னியே."

"நான் இன்னா சொன்னேன்?"

நான் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டேன்.

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். "சக்கர கண்ணுக்கு ஏறிடுச்சி, எடது கண்ணு போயிடும் போல இருக்குதுன்னு சொன்னேன். நல்லதுன்ற."

பஸ்கள் வந்து போயின. அவனே பேசினான். "இது உன்கிட்ட ரெண்டாவது வாட்டி சொல்றது. மொத வாட்டி விழுப்புரத்துல டாக்டரப் பாத்துட்டு வரும்போது பஸ்லேர்ந்து சொன்னேன். மண்ட ஒரே பேஜாரா இருந்துச்சி, உன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சி. சொல்லிக்கினே இருக்கறேன், கூட்ரோடு வந்துது, நீ டக்குனு கட் பண்ணிட்ட. சரி, அண்ணனால தாங்க முடியல, அழுவறாரு போலன்னு நெனச்சிக்கினேன். அதான் மறுபடி அந்தப் பேச்ச எடுக்கல."

அவனிடம் வண்டி இருக்கிறது. எங்கே போனாலும் வண்டியில்தான் போவான். அப்படிப்பட்டவன் இரவில் ஏன் டவுன் பஸ்ஸில் வந்தான் என்று நான் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கண் தெரியாததால் வண்டி ஓட்டுவதையே நிறுத்தியிருக்கிறான். அந்தப் பேச்சில் எனக்கு நினைவிருந்தது கண்டக்டர் குரல் ஒன்றுதான். நான் அழுதேன் என்று நினைத்துக்கொண்டு, என்மேல் பாசத்தோடு இத்தனை நாள் இருந்திருக்கிறான்.

அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். அவனுக்கும் ஆறுதல், எனக்கும் மரியாதை. வாய் வரை வந்தது. ஆனால் அந்தப் பாசத்தை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

"நான் அழுவலடா" என்றேன். பேருந்து, லியா, கண்டக்டர், அந்த அம்மாள் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயோ! கொழந்தைக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று என் தொடையைப் பிடித்தான்.

"ஒண்ணும் ஆவல."

ஆகவில்லை என்று தெரிந்த பிறகு அவன் முகம் கோணிக்கொண்டு போயிற்று. அழப் போகிறான் என்று நினைத்தேன். சிரிப்பு. "நம்ம ஊரு கண்டக்டரு விசிலு ஊதினா பாரிஸுல ஆளு எறங்கறாங்களாண்ணா! அவன்கிட்ட சொல்லணுமே, சம்பளத்தக் கூட்டிக் கேப்பான்!" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். மல்லாட்டை வறுக்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

சிரித்து அடங்கியதும், "எதுனா சொல்லேண்ணா" என்றான்.

நான் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். "மொதல்லேர்ந்து சொல்லு" என்றேன்.

பஸ் வந்தது, ஏறினோம், கிளியனூர் வரை அவன் சொன்னான். டாக்டர் எப்படி விளக்கை அடித்துப் பார்த்தார், என்ன ஊசி போடச் சொல்கிறார், மகள் கல்யாணம் முடியும்வரை ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று ஏன் நினைக்கிறான் என்று சொன்னான். வழியில் மனசு எத்தனையோ முறை ஓடியது. பணத்துக்கு ஓடியது, லியாவுக்கு ஓடியது. நீ தம்பியை இப்படி விட்டாயே என்று அந்த உள்ளே இருப்பவன் வேறு கத்த ஆரம்பித்தான். அவனைக் கேட்டால் ஏழுமலை சொல்வது காதில் விழாது. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. வெட்கப்படுவதையும் நான் கோலியனூரைப் போலத்தான் வைத்திருந்தேன். உட்கார்ந்த இடத்தைவிட்டு ஓடுவதற்கு அதுவும் ஒரு ஊர். திட்டாமல் திரும்பி வா என்று மதாம் சொன்னது என்னை மன்னித்துவிடுவதற்காக இல்லை, எதிரில் இருப்பவனுக்காக.

ஓடியது. திரும்பி வந்தேன். மறுபடி ஓடியது. இவ்வளவுதான் என்னால் முடிந்தது. இறங்கும்போது, "இப்பத்தான் நெஞ்சு லேசா இருக்குதுண்ணா" என்றான்.

6

திரும்பி வந்து செல்வியிடம் சித்தப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். திண்டிவனத்தில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். வகுப்பு முடிந்துவிட்டது, மதாம் சிரித்து வழியனுப்பினார், ஆனால் நான் தேறவில்லை என்றும் சொன்னேன். "அந்தக் காலேஜ் பொண்ணே வரட்டும்மா. எனக்கே என்மேல நம்பிக்க இல்ல."

அவள் சித்தப்பாவிடம் பேச வேண்டும் என்று எண்ணைப் போட்டு, பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். நெடுநேரம் அவள் குரல் கேட்டது.

அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். "செவ்வாக்கெழம நீ போய் லியாவக் கூட்டிக்கினு வாப்பா."

"அந்தப் பொண்ணு வரலியா?"

"வருவா. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"நான் இன்னும் சரியாவலயே."

"சரியாயிட்டேன்னு சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை பள்ளி வாசலில் மற்ற எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். ஃபோனை அணைத்துக் கோட்டின் உள்பையில் வைத்திருந்தேன். லியா வந்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் அந்தப் பெண் இருக்கிறாளா என்று தேடினாள், இல்லை என்று தெரிந்ததும் கையைக் கொடுத்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரெஞ்சில் பேச ஆரம்பித்தாள். வேகமாகப் பேசுவாள். சலவையறைப் பிரெஞ்சு எனக்குத் தெரியும், குழந்தைப் பிரெஞ்சு தெரியாது. ஒரு வாக்கியம் கேட்டேன், பாதி போயிற்று. இரண்டாவதில் முக்கால்வாசி போயிற்று. மூன்றாவதில் மனசு கதவைத் திறந்துகொண்டு கிளம்பியது. அது கிளம்பும் நேரத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஊர் ஞாபகம் வந்து அது போகவில்லை. என் பேத்தி பேசுவது எனக்குப் புரியவில்லை என்ற வெட்கத்தில் போகிறது. செல்வி இந்த வயதில் பள்ளியிலிருந்து பிரெஞ்சைக் கொண்டுவர ஆரம்பித்தபோதும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

லியா பேசி நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். கேள்வி கேட்டிருக்கிறாள் போல.

"ஆமாம்" என்றேன், பிரெஞ்சில். எப்போதும் சொல்வதுதான்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆமாம்னு சொல்லிட்டார்! தாத்தா ஒரு குதிரை! தாத்தா ஒரு குதிரை!" இது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. நீ குதிரையா என்று கேட்டிருக்கிறாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சிரித்த விதத்தைப் பார்த்தால், இது இன்று கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. எத்தனை நாளாக இந்தப் பிள்ளை நான் கேட்கிறேனா என்று சோதித்துக்கொண்டிருக்கிறாளோ, எத்தனை நாள் நான் குதிரையாகவும் கழுதையாகவும் இருந்தேனோ.

காது மடல் சுட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம், ஃபோனை எடுக்கலாம். நான் அவள் பக்கமே உட்கார்ந்திருந்தேன். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில், அரசாங்க ஆபீஸிலும் சரி, வேலையிலும் சரி, யாரிடமும் சொல்லாத ஒரு வார்த்தையை லியாவிடம் பிரெஞ்சில் சொன்னேன்.

"எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லு. மெதுவாக."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு சீட்டில் மண்டிபோட்டு ஏறி, என் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக உதட்டைக் குவித்து விரித்துச் சொன்னாள். அவர்கள் வகுப்பில் ஒரு நத்தை இருக்கிறதாம். இன்று அது கண்ணாடிப் பெட்டியிலிருந்து தப்பித்துப் போய்விட்டதாம். எல்லோரும் மேசைக்கு அடியில் படுத்துத் தேடினார்களாம்.

"கிடைத்ததா?" என்று கேட்டேன்.

அவள் சொன்ன பதில் எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.